கடைசி தேதி என்னைக்கு, சார்?

போன மாதம் கொஞ்சம் விசித்திரமான ஒரு வாசிப்பில் இறங்கினேன். கொரோனா காலத்தில், அதாவது 2020 மார்ச் முதல் 2021 டிசம்பர் வரை, வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி தேதியைத் தள்ளிவைத்து மத்திய அரசும் மத்திய நேரடி வரிகள் வாரியமும் விட்ட அறிக்கைகள், சுற்றறிக்கைகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். கதை, கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம். கோடிக்கணக்கான பேர் பதற்றத்தோடு படித்த இந்த எழுத்துக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதான் இந்தக் குறிப்பு.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. 2020 மார்ச்சில் சென்னையிலிருந்து தென்காசி வந்தவன் ஊரடங்கில் மாட்டிக்கொண்டேன். மாமா அங்கே வரி ஆலோசகர். பட்டயக் கணக்காளர் இல்லை, பி.காம் முடித்து, விற்பனை வரிக் காலத்திலிருந்து கணக்கு எழுதி, பிறகு ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொண்டவர். ஆனால் எங்க ஊர்ப்பக்கம் வரி ரிட்டர்ன் போட்டுத் தருபவர் யாராக இருந்தாலும் "ஆடிட்டர் சார்"தான். வீட்டில் சும்மா இருந்தவனை இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். அப்போது தினமும் காதில் விழுந்த கேள்விதான் இந்தப் பதிவின் தலைப்பு.

நான்கு எண்கள்

அறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றே ஒன்றைக் குறித்துக்கொண்டேன். அறிவிப்பு வந்த நாளுக்கும், அது தள்ளிவைக்கிற கடைசி நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் இருந்தது?

முதலில் 2018-19 நிதியாண்டுக்கான தாமத ரிட்டர்ன். இதன் கடைசி தேதி 2020 மார்ச் 31.

மார்ச் 24 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதை ஜூன் 30க்குத் தள்ளுவதாக அறிவித்தார். அன்று இரவு 8 மணிக்குத்தான் பிரதமர் நாடு தழுவிய ஊரடங்கை அறிவித்தார். இடைவெளி 7 நாள். அதற்கான அவசரச் சட்டம் வந்தது மார்ச் 31 அன்று.

ஜூன் 24 அன்று, ஜூன் 30 என்பது ஜூலை 31 ஆனது. இடைவெளி 6 நாள்.

ஜூலை 29 அன்று, ஜூலை 31 என்பது செப்டம்பர் 30 ஆனது. இடைவெளி 2 நாள்.

செப்டம்பர் 30 அன்றே, செப்டம்பர் 30 என்பது நவம்பர் 30 ஆனது. இடைவெளி பூஜ்யம்.

7, 6, 2, 0. ஒரே ரிட்டர்ன், நான்கு நீட்டிப்பு. மொத்தமாகக் கூட்டினால் எட்டு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. கேட்க தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எட்டு மாதத்தை எட்டு மாதமாக யாரும் அனுபவிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி" என்று நினைத்து ஓடி, முடிக்கும் தறுவாயில் "இன்னும் இருக்கு" என்று கேள்விப்பட்டோம்.

அடுத்து 2019-20 நிதியாண்டு ரிட்டர்ன். தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு வழக்கமான தேதி ஜூலை 31. அது நவம்பர் 30க்குப் போகும் என்று மே 13 அன்றே சொல்லிவிட்டார்கள். 79 நாள் முன்பே. இதைப் பாராட்டியே ஆகணும். அக்டோபர் 24 அன்று டிசம்பர் 31 ஆக்கினார்கள், 37 நாள் முன்பே. அதுவும் சரி. பிறகு டிசம்பர் 30 அன்று, ஜனவரி 10 ஆக்கினார்கள். ஒரு நாள் முன்பு.

79, 37, 1. மறுபடியும் அதே சரிவு.

உச்சம் அதற்குப் பிறகு வந்தது. இதே ஆண்டுக்கான தாமத ரிட்டர்னின் கடைசி தேதி 2021 மார்ச் 31. அது வந்தது, போனது. தவறவிட்டவர்கள் தவறவிட்டார்கள். ஏப்ரல் 30 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்று, மார்ச் 31க்குள் கொடுத்திருக்க வேண்டிய ரிட்டர்னை மே 31 வரை கொடுக்கலாம் என்றது. செத்து ஒரு மாதமான தேதிக்கு உயிர் வந்தது. என் பட்டியலில் இதற்கு −30 என்று எழுத வேண்டியிருந்தது.

தென்காசியிலிருந்து பார்த்தால்

"அதுக்கென்ன, நேரம் கிடைச்சா நல்லதுதானே" என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

சின்ன ஊர் வரி ஆபீஸ் எப்படி நடக்கும் என்று பார்த்தால்தான் இது புரியும். ரிட்டர்ன் ஆன்லைனில்தான் போகிறது. ஆனால் அதற்கான சரக்கு மஞ்சப்பையில் வருகிறது. பாஸ்புக், எல்ஐசி ரசீது, கொள்முதல் பில், வீட்டுக்கடன் வட்டிச் சான்றிதழ். அதோடு ஆளும் வர வேண்டும், ஏனென்றால் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அந்தப் போன் பல நேரம் மகன் கையில் இருக்கும். மகன் கோயம்புத்தூரில் இருப்பான்.

தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது 2019 நவம்பர் 22 அன்று. அதுவரை திருநெல்வேலி மாவட்டம். அந்த எல்லைக்கோடு அதிகாரிகளின் வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது, பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாது. 2020 ஜூன் 25 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்றானது. ஏழு மாதம்கூட வயதாகாத... சரி, ஏழு மாதம் ஆன கோடு, திடீரென்று வாசல் கதவானது. மாமாவின் வாடிக்கையாளர்களில் ஆலங்குளம் தாண்டி அந்தப் பக்கம் இருந்தவர்கள் மஞ்சப்பையைக் கொண்டுவர இ-பாஸ் எடுக்க வேண்டும். வரிக்கணக்கு கொடுக்கப் போகிறேன் என்று காரணம் எழுதினால் பாஸ் வருமா என்று ஒருத்தர் போனில் கேட்டார். செப்டம்பர் பிறந்துதான் மாநிலத்துக்குள் இ-பாஸ் போனது.

இப்போது அந்த ஜூன் 24 அறிவிப்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஜூன் 30க்குள் முடிக்க வேண்டும் என்று, இ-பாஸ் வருவதற்கு முன்பே இரண்டு வாரமாக ஆட்களை வரச்சொல்லி, முகக்கவசத்தோடு வாசலில் நிற்க வைத்து வேலை பார்த்தோம். ஒரு மாத அவகாசம் இருக்கிறது என்று ஜூன் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் பாதிப் பேரை வரச்சொல்லியிருக்க மாட்டோம். நோய் பரவக்கூடாது என்பதற்காகத் தந்த நீட்டிப்பு, கூட்டம் கூடிக் கலைந்த பிறகு வந்து சேர்ந்தது.

அவகாசம் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் அவகாசம். முந்தின நாள் ராத்திரி கிடைத்தால், வேலையை முடித்தவனுக்கு அதனால் பயனில்லை. தொடங்காதவனுக்கு அது பரிசு. இதை மாமா வேறு மாதிரி சொன்னார்: "ஒழுங்கா வந்தவன்லாம் முட்டாப்பய ஆயிட்டான் மாப்ள. இனிமே அவனும் கடைசி நாள்தான் வருவான்."

அது அப்படியே நடந்தது. 2021ல் "சார், எப்படியும் தள்ளுவாவ, அப்புறம் பாப்போம்" என்பதுதான் பொதுக்கருத்து. 2020-21 ஆண்டுக்கான தேதி ஜூலை 31லிருந்து செப்டம்பர் 30 (மே 20 அறிவிப்பு, 72 நாள்), அப்புறம் டிசம்பர் 31 (செப்டம்பர் 9 அறிவிப்பு, 21 நாள்) என்று போனதும் இந்த நம்பிக்கை உறுதியானது. டிசம்பர் 31 மாலை வரை டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. அன்றைக்கு வருவாய்த்துறைச் செயலர் தருண் பஜாஜ், நீட்டிக்கும் யோசனை இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒரே நாளில் நாடு முழுக்கத் தாக்கலானவை 46 லட்சத்துக்கும் மேல். மொத்தம் சுமார் 5.89 கோடி. கிட்டத்தட்ட பதின்மூன்றில் ஒன்று கடைசி நாளில்.

தேதி தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை

இனி சொல்லப்போவதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம்.

ஜூன் 24 செய்திக் குறிப்பின் தலைப்புச் செய்தி, 2019-20 ரிட்டர்னை நவம்பர் 30 வரை கொடுக்கலாம் என்பது. பத்திரிகைகள் அதைத்தான் போட்டன. கொஞ்சம் கீழே இறங்கிப் படித்தால் இன்னொன்று இருக்கும். ரிட்டர்னோடு கட்ட வேண்டிய சுயமதிப்பீட்டு வரி ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதையும் நவம்பர் 30 வரை கட்டலாம். ஒரு லட்சத்தைத் தாண்டினால், சட்டத்தில் உள்ள பழைய தேதிக்குள் கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் 234ஏ பிரிவின்படி வட்டி. மாதம் ஒரு சதவீதம், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு.

அதாவது படிவத்துக்கு ஒரு தேதி, பணத்துக்கு ஒரு தேதி. பணத்துக்கான தேதியும் ஆளைப் பொறுத்து மாறும்.

இதன் பின்னால் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பெரிய தொகை கட்ட வேண்டியவர்கள் அரசுப் பணத்தை வட்டியில்லாமல் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது. பணத்தை முன்பே கட்டிவிட்டுப் படிவத்தைப் பிறகு கொடுத்தால் 234ஏ வட்டி கிடையாது என்பதும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2015லேயே வாரியம் ஏற்றுக்கொண்ட விஷயம். எனவே வழி எளிது: ஜூலை 31க்குள் பணத்தைக் கட்டு, நவம்பரில் படிவம் கொடு.

ஆனால் எவ்வளவு கட்டுவது? அதே ஜூன் 24 அறிவிப்பு, டிடிஎஸ் கணக்கைத் துறைக்குக் கொடுக்க ஜூலை 31 வரையும், டிடிஎஸ் சான்றிதழை வழங்க ஆகஸ்ட் 15 வரையும் நேரம் கொடுத்தது. உங்கள் பெயரில் எவ்வளவு பிடித்தம் ஆகியிருக்கிறது என்ற விவரம் ஆகஸ்ட் நடுவில் கைக்கு வரலாம். மிச்ச வரியை ஜூலை 31க்குள் கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். ஒரே அறிவிப்புக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. எழுதியவர்கள் இரண்டு பத்தியையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

மாமாவின் வாடிக்கையாளர் ஒருவருக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். கீழ்த்தளம் ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு, அதில் டிடிஎஸ் உண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சாரல்தான் குற்றாலத்துக்கு வருமானம். மற்ற மாதமெல்லாம் அந்த மூன்று மாதத்தை வைத்து ஓட்டுவது. லாட்ஜ் மட்டுமில்லை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மங்குஸ்தான் விற்கிறவர்கள், சிப்ஸ் கடை எல்லாருக்கும் அதே கணக்கு. 2020ல் அருவிகள் மார்ச்சில் அடைபட்டு டிசம்பர் நடுவில்தான் திறந்தன. சீசனே இல்லை. தண்ணீர் மட்டும் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஆக, 2019 சீசன் சம்பாத்தியத்துக்கான வரியை, 2020 சீசன் கைவிட்ட ஜூலையில் கட்ட வேண்டும்.

அவர் ஜூலையில் போன் செய்தார். "என்ன சார், கடைசி தேதியத் தள்ளிட்டாவளாமே?"

"ஆமா அண்ணாச்சி, நவம்பர் 30. மெதுவா பாப்போம்" என்று மாமா சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அந்த வாரத்தில் அதையே முப்பது, நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பார். பெரும்பாலானோருக்கு அது சரியான பதில். இவருக்குத் தவறு.

டிசம்பர் கடைசியில் கணக்கை முடித்தபோது கட்ட வேண்டியது 1,40,000 ரூபாய் என்று வந்தது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம், 234ஏ வட்டி 7,000. முன்வரி கட்டாததற்கான வட்டி தனி. அண்ணாச்சி கோபப்படவில்லை. "நீங்க சொன்னதாலதான சார் வெயிட் பண்ணுனேன்" என்று மட்டும் கேட்டார். மாமா அந்த ஏழாயிரத்தைத் தன் கணக்கிலிருந்து கட்டினார். அந்த லாட்ஜின் வருட ஃபீஸைவிட அது அதிகம்.

தவறு மாமாவுடையது; அவரே அதை மறுத்ததில்லை. அந்தப் பத்தியை அவர் படித்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செய்திக் குறிப்பை ஒரு எழுத்தாக நான் விமர்சிப்பது இங்கேதான். சலுகையைத் தலைப்பிலும் விதிவிலக்கைப் பத்திக்குள்ளும் வைக்கிற நடை அது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நீட்டிப்பு என்று நம்பும்படி சொல்லிவிட்டு, "எனினும்" என்று ஒரு சொல்லில் திருப்புகிறது. அந்த "எனினும்"-இன் விலையைக் கொடுத்தவர் தென்காசியில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்திருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டு துறையின் சொந்த மென்பொருளே குழம்பிவிட்டது. 2021 ஜூன் 7 அன்று புதிய வருமான வரித் தளம் வந்தது. இன்ஃபோசிஸ் உருவாக்கியது, 2019 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது திட்டச் செலவு சுமார் 4,242 கோடி. வந்த மறுநாளே நிதியமைச்சர் நந்தன் நிலேகனியைப் பெயர் சொல்லிக் குறைபட்டுக்கொள்ளும் நிலைமை. ஆகஸ்டில் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பரேக்கை அழைத்து விளக்கம் கேட்டார்கள். இதற்கு நடுவில், தேதி செப்டம்பர் 30 என்று நீட்டித்த பிறகும், ஜூலை 31 தாண்டியதும் தளம் சிலருக்கு 234ஏ வட்டியையும் 234எஃப் தாமதக் கட்டணத்தையும் போட ஆரம்பித்தது. மென்பொருளை ஆகஸ்ட் 1 அன்றே திருத்திவிட்டோம், தவறாகக் கட்டியிருந்தால் திருப்பித் தருவோம் என்று ஆகஸ்ட் 11 அன்று துறை சொன்னது.

தேதியை மாற்றியவர்களின் கம்ப்யூட்டருக்கே தேதி தெரியவில்லை. ஆனால் அதற்கு வந்தது திருத்தம். மாமாவுக்கு வந்தது ஏழாயிரம்.

ஜிஎஸ்டி பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

ஐந்து கோடிக்குள் விற்றுமுதல் உள்ள தமிழ்நாட்டு வியாபாரிக்கு 2020ல் மாதாந்திர 3பி ரிட்டர்னுக்கான சலுகைத் தேதிகள் கடைசியில் இப்படி வந்து நின்றன: பிப்ரவரிக்கு ஜூன் 30, மார்ச்சுக்கு ஜூலை 3, ஏப்ரலுக்கு ஜூலை 6, மே மாதத்துக்கு செப்டம்பர் 12, ஜூனுக்கு செப்டம்பர் 23, ஜூலைக்கு செப்டம்பர் 27. வட மாநிலங்களுக்கு வேறு தேதிகள். ஐந்து கோடிக்கு மேல் என்றால் வேறு. இந்தப் பட்டியலை மாமா சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டினார். திருத்தித் திருத்தி மூன்றாவது சார்ட் ஒட்டினோம்.

இவையும் உண்மையில் கடைசி தேதிகள் இல்லை. கடைசி தேதி பழையதுதான். இந்தத் தேதிக்குள் கொடுத்தால் தாமதக் கட்டணம் கிடையாது, அவ்வளவுதான். ஒரு நாள் தாண்டினாலும் பழைய தேதியிலிருந்தே கணக்கிடுவோம் என்று ஏப்ரல் 3 சுற்றறிக்கை சொன்னது. பிறகு அதையும் தளர்த்தினார்கள்.

பூட்டிக்கிடந்த லாட்ஜுக்கும் பதிவு இருந்தால் மாதாமாதம் ரிட்டர்ன் உண்டு. வருமானம் பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூன் 8 முதல் அதை 14409 எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பலாம் என்று வந்தது. அந்த இரண்டு வருடத்தில் வந்த ஏற்பாடுகளில் மனதார நன்றி சொல்லக்கூடிய ஒன்று அது. யாருக்கு என்ன தேவை என்று யோசித்து எழுதியது போல் இருந்தது.

அரசின் பதில்

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும்.

2021 ஜனவரியில், தணிக்கை அறிக்கைக்கான தேதியை மேலும் நீட்டிக்கக் கோரி குஜராத் வரி ஆலோசகர் கூட்டமைப்பு உயர் நீதிமன்றம் போனது. கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி நீதிமன்றம் அனுப்ப, ஜனவரி 11 அன்று வாரியம் மறுத்து ஆணையிட்டது. வழக்கும் பிறகு தள்ளுபடியானது. வாரியம் சொன்ன காரணங்கள் லேசானவை அல்ல. ஏற்கெனவே மூன்று முறை நேரம் கொடுத்தாயிற்று. மேலும் கொடுத்தால் ஒழுங்கு கெடும். சிரமப்பட்டு நேரத்தில் முடித்தவர்களுக்கு அநீதி. வரி வருவது தாமதமானால் ஏழைகளுக்கான நிவாரணம் பாதிக்கும்.

இதில் ஒவ்வொன்றும் சரி. ஆனால் "ஒழுங்கு கெடும்" என்ற வாதத்தைச் சொல்ல வாரியத்துக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது? 7, 6, 2, 0 என்று பழக்கியது யார்? இந்தப் பழக்கம் கொரோனாவில் பிறந்ததும் இல்லை. 2015ல் ஜூலை 31 என்பது ஆகஸ்ட் 31 ஆகி, அதுவும் முடிந்து இரண்டு நாள் கழித்து செப்டம்பர் 7 ஆனது. 2018, 2019 இரண்டிலும் ஆகஸ்ட் 31. 2019 ஆகஸ்ட் கடைசியில் செப்டம்பர் 30 வரை நீட்டிப்பு என்று போலி ஆணை ஒன்று சுற்றி, துறையே வந்து "நம்பாதீர்கள்" என்று சொல்ல வேண்டியதானது. 2020 மார்ச் 30 அன்று நிதியாண்டே ஜூன் 30 வரை நீள்கிறது என்ற வதந்தியை நிதி அமைச்சகம் மறுத்தது. முத்திரைச் சட்டம் பற்றிய ஏதோ அறிவிப்பை யாரோ தப்பாகப் படித்த வினை. உண்மையான அறிவிப்பே கடைசி நாள் ராத்திரி வரும் இடத்தில், போலி அறிவிப்பை மக்கள் நம்புவதில் ஆச்சரியம் என்ன?

வெளியே பார்த்தால், அமெரிக்காவில் 2020 ஏப்ரல் 15 என்ற தேதியை ஜூலை 15க்கு மாற்றுவதாக மார்ச் மூன்றாவது வாரத்தில் சொன்னார்கள். முதலில் பணத்துக்கு மட்டும், படிவத்துக்கு இல்லை என்று இரண்டு மூன்று நாள் குழப்பம் அங்கேயும் இருந்தது. பிறகு இரண்டுக்கும் ஒரே தேதி, தொகை வரம்பு இல்லை என்று ஆக்கினார்கள். முக்கியமானது அடுத்தது: ஜூன் 29 அன்று, ஜூலை 15 மறுபடி மாறாது என்று அறிவித்தார்கள். "தள்ள மாட்டோம்" என்பதையும் இரண்டு வாரம் முன்பே சொன்னார்கள். பிரிட்டனில் 2021 ஜனவரி 31 என்ற தேதியைத் தொடவே இல்லை. பிப்ரவரி 28க்குள் கொடுத்தால் அபராதம் போட மாட்டோம், வட்டி மட்டும் ஓடும் என்றார்கள். ஆறு நாள் முன்புதான் சொன்னார்கள் என்றாலும், பணத்தின் தேதி மாறவில்லை என்பது அதில் பளிச்சென்று இருந்தது. நம் ஜூன் 24 குறிப்பு சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் அதைச் சொன்ன விதம் வேறு.

தனக்கென்று வரும்போது

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 31 அவசரச் சட்டம் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் நேரம் தரவில்லை. வருமான வரித்துறை நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கெடுக்களையும் அதே சட்டம் நீட்டித்தது. அதிகாரிகளுக்கும் ஊரடங்குதானே, அதில் தப்பில்லை.

சிக்கல் 2021ல் வந்தது. பழைய கணக்குகளைத் திறந்து மறுமதிப்பீடு செய்யும் முறை ஏப்ரல் 1 முதல் மாறியது; நோட்டீஸுக்கு முன் விளக்கம் கேட்க வேண்டும் என்றானது. ஆனால் துறை, நீட்டிப்பு அறிவிக்கைகளைக் காரணம் காட்டி, ஜூன் 30 வரை பழைய முறையிலேயே நோட்டீஸ் அனுப்பியது. சுமார் 90,000. உயர் நீதிமன்றங்களில் சுமார் 9,000 வழக்குகள். பல நீதிமன்றங்கள் நோட்டீஸ்களை ரத்து செய்தன. 2022 மே 4 அன்று உச்ச நீதிமன்றம், அசிஷ் அகர்வால் வழக்கில், 142வது பிரிவின் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த நோட்டீஸ்களைப் புதிய முறைப்படி அனுப்பிய விளக்கக் கடிதங்களாகவே கருதிக்கொள்ளலாம் என்றது. அரசு வருவாயை இழக்கக் கூடாது என்பது காரணம். அதிலிருந்து கிளைத்த காலக்கெடுக் கேள்விகள் 2024 அக்டோபர் 3 அன்று ராஜீவ் பன்சால் தீர்ப்பு வரை ஓடின.

தீர்ப்பின் சட்ட நுணுக்கத்துக்குள் நான் போகவில்லை. கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: எந்தத் தேதி எதற்குப் பொருந்தும் என்பதில் துறையே 90,000 முறை தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தைப் புரிந்துகொண்டு சரிசெய்ய நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் முன்வந்தது. அதே தேதிகளில் ஒரு வரி ஆலோசகர் ஒருமுறை தடுமாறினால் மாதம் ஒரு சதவீதம்.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். மூன்று விஷயம்.

ஒன்று, கடைசி தேதிக்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு கோடு. அதற்குள் நீட்டிப்போ, நீட்டிப்பு இல்லை என்பதோ வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தேதி அசையக் கூடாது. கோட்டைத் தாண்டித் தளம் முடங்கினால், அந்த நாட்களுக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யலாம்.

இரண்டு, ஒவ்வொரு அறிவிப்பின் முதல் வரியிலும் இரண்டு தேதி: படிவத்துக்கு எது, பணத்துக்கு எது. ஒன்றேயானாலும் இரண்டு முறை எழுதட்டும்.

மூன்று, தமிழில் வரட்டும். மாமாவின் வாடிக்கையாளர்களில் அந்த ஆங்கிலக் குறிப்பைத் தானே படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். மற்றவர்களுக்கு மாமா சொன்னதுதான் சட்டம். அவ்வளவு பாரத்தைச் சில நூறு ரூபாய் ஃபீஸ் வாங்குகிற ஒருவர் தலையில் வைப்பது, அவருக்கும் ஆபத்து, அவரை நம்புகிறவர்களுக்கும் ஆபத்து.

நடக்குமா? 2025ல் ஜூலை 31 என்பதை செப்டம்பர் 15 ஆக்குவதாக மே 27 அன்றே அறிவித்தார்கள். 65 நாள் முன்பு. திருந்திவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். செப்டம்பர் 14 அன்று, 30 வரை நீட்டிப்பு என்று சுற்றிய செய்தி போலி என்று துறை மறுத்தது. 15 அன்று இரவு, ஏறக்குறைய நள்ளிரவில், ஒரே ஒரு நாள் நீட்டிப்பு வந்தது. செப்டம்பர் 16. என் பட்டியலில் மறுபடியும் ஒரு பூஜ்யம்.

அன்று காலை மாமாவுக்குப் போன் போட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கே எல்லாம் முடித்துத் தூங்கிவிட்டதாகச் சொன்னார். நீட்டிப்பை எழுந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். லாட்ஜ் அண்ணாச்சியின் கணக்கை விசாரித்தேன். 2020க்குப் பிறகு அவரிடம் மாமா கடைசி தேதியைப் பற்றியே பேசுவதில்லையாம். ஜூலை பிறந்ததும் ஒரு துண்டுச்சீட்டில் உத்தேசத் தொகையை எழுதிக் கொடுத்து, "இத முதல்ல கட்டிருங்க அண்ணாச்சி, மத்தத பொறவு பாப்போம்" என்று சொல்லிவிடுகிறார். தேதி தள்ளிப்போனதாக யார் போன் செய்தாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "படிவத்துக்கா, பணத்துக்கா?"